இல்லையென்று எழுதிய கல்யாணம்

அண்ணனுக்குக் கல்யாணமே நடக்கவில்லை என்று எழுதிய கடிதத்தில் மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. நடுவில் இருப்பது என்னுடையது. அண்ணன் தாலி கட்டியபோது அண்ணிக்குப் பின்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான்தான்.

நான் ஆங்கில ஆசிரியை. எங்கள் ஊர்ப் பாடசாலையில் இருபது வருஷமாகப் படிப்பிக்கிறேன். இங்கிலாந்து அரச குடும்பங்களின் கதைகளில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். படிக்கிற காலத்தில் பாடசாலை நூலகத்தில் அட்டை போன, கறையான் அரித்த தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. அப்பனுக்கு எதிராகப் படை திரட்டிய பிள்ளைகள், புருஷனைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிய ராணி, அண்ணனைச் சிறையில் வைத்தே கிழவனாக்கிய தம்பி. ஒரு குடும்பத்துக்குள் இவ்வளவு நடக்குமா என்று வாயைப் பிளந்துகொண்டு வாசித்தேன். வீட்டில் எல்லாருக்கும் அவற்றைத் தமிழில் சொல்லுவேன். அண்ணன் பாதியில் தூங்கிவிடுவார். தம்பிதான் கடைசிவரை இருந்து கேட்பான்.

அப்பா கரைவலைச் சம்மாட்டி, வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர். உடப்புக்கு வடக்கே கடற்கரையில் எங்கள் வலை இறங்குவதற்கென்று ஒரு துண்டுக் கரை இருந்தது. அதைப் பாடு என்போம். ஒரு பாட்டில் ஒரு குடும்பத்தின் வலைதான் போடலாம். அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ, அந்தக் கரையில் அவர் வைத்ததுதான் சட்டம். தோணி எப்போது இறங்கும், யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பார், மீன் நிறைந்த மடி கரைக்கு ஏறியதும் முதலில் யார் கை வைப்பார் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். அப்பா கரையில் நடந்தால் வலை இழுக்கிற ஆட்கள் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் மூவரும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தோம்.

அண்ணன் மட்டும் ஒரு தடவை அந்த முகத்தைப் பார்க்காமல் நடந்தார். தலவில அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்குக் கருவாடு விற்கப் போனவர், அங்கே ஒரு வேதக்காரப் பெண்ணைக் கண்டு, இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் பழகி, ஒரு நாள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா வாசலில் நின்று, "இந்தப் படி ஏறக்கூடாது" என்றார். பக்கத்து ஊர்ச் சின்ன அம்மன் கோயில் ஒன்றில் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து போனது நானும் தம்பியும்தான். தம்பிக்கு அப்போது இருபது வயது. மாலைகளை அவன்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தான்.

கல்யாணத்தைப் பதியவில்லை. பெண்ணின் தகப்பன் முதலில் தேவாலயத்தில் ஆசீர்வாதம் வாங்கவேண்டும் என்றார். அண்ணனுக்கு அப்பாவை இன்னும் கோபப்படுத்தப் பயம். பிறகு எழுதலாம், பிள்ளை பிறந்ததும் எழுதலாம், அப்பா சமாதானமானதும் எழுதலாம் என்று போனது. பிள்ளை பிறந்தாள். அவளைத் தூக்கிப் பார்த்த அன்றைக்கு அப்பாவும் சமாதானமானார். அதன் பிறகு யாருக்கும் எழுதுகிற நினைவே வரவில்லை. எங்கள் கரையில் பாதிப் பேருக்குத் தாலிதான் பத்திரம்.

அந்தக் கல்யாணத்தால் எனக்கு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அப்போது எனக்கு ஒரு இடம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை சிலாபத்தில் கந்தோர் உத்தியோகத்தர். அண்ணன் வேதக்காரப் பெண்ணைக் கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அவர்கள் ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். பிறகு வந்த இடங்களும் ஏதோ ஒரு காரணம் சொல்லிப் போயின. அண்ணனிடம் நான் ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. அவரும் கேட்டதில்லை. பதினேழு வருஷமாக அந்தக் கோபம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டது. நான் அதை மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் இடுப்பு எலும்பு முறிந்ததும் அனுமதிப்பத்திரத்தை அண்ணன் பெயருக்கு மாற்றினார்கள். அண்ணன் அதட்டத் தெரியாத சம்மாட்டி. கயிறு இழுக்கிறவர்களோடு மணலில் குந்தியிருந்து பாண் தின்பார். தம்பிக்கு அதைக் கண்டால் பற்றி எரியும். "சம்மாட்டி மாதிரியா இருக்கிறார்?" என்று என்னிடம் வந்து முறையிடுவான். அண்ணியும் கரைக்கு வந்து, வாடிக் கொட்டிலில் மீன் தெரிந்து பிரிக்கும் பெண்களோடு நின்று வேலை செய்வாள். ஆட்களுக்கு அவளைப் பிடித்திருந்தது. அதுவும் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

அண்ணனின் மகள் என்னிடம்தான் படித்தாள். பதினாறு வயது. அந்த வருஷம் ஆங்கில தினப் போட்டிக்கு நானே ஒரு நாடகம் எழுதினேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் நடந்தது. அரசன் இறந்துபோகிறான். மகன் சின்னப் பிள்ளை. அவன் வளரும்வரை நாட்டைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பன் பொறுப்பேற்கிறான். பிள்ளையையும் அவன் தம்பியையும் பாதுகாப்புக்கென்று சொல்லிக் கோட்டைக்குள் வைக்கிறான். பிறகு, இறந்துபோன அரசனின் கல்யாணமே செல்லாது என்று ஒரு குருவானவரைச் சொல்லவைக்கிறார்கள். கல்யாணம் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு உரிமை இல்லை. சித்தப்பன் முடி சூடுகிறான். பிள்ளைகளை அதன் பிறகு ஒருவரும் காணவில்லை.

சித்தப்பன் வேஷத்துக்கு அண்ணன் மகளைப் போட்டேன். வகுப்பில் அவளுக்குத்தான் நல்ல உச்சரிப்பு, நல்ல குரல். கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மேடையில் நடந்தால் மற்றப் பிள்ளைகள் உண்மையாகவே பின்வாங்குவார்கள். ஒத்திகை முடிய நேரமாகிற நாட்களில் தம்பி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போவான். மண்டபத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்ப்பான். ஒரு நாள் என்னிடம் கேட்டான்: "இது முந்தி நீங்க சொன்ன கதைதானே அக்கா? கல்யாணம் செல்லாது எண்டு சொல்ற இடம் எனக்கு நல்லா நினைவிருக்கு."

ஒத்திகை நடந்துகொண்டிருந்த மாதத்தில்தான் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியாக நினைவு தெளிவாக இருந்த பகலில் நானும் அண்ணியும் தம்பியும் கட்டிலருகே நின்றோம். அண்ணன் தம்பியின் கையைப் பிடித்தார்.

"பிள்ள படிச்சு முடிக்கிற வரைக்கும் வலையை நீ பாத்துக்கொள். அண்ணி கணக்கு வழக்கெல்லாம் பாப்பாள். நீ கரையைப் பாரு."

"ஓம் அண்ணா. நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றான் தம்பி. அவன் அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. அதை இன்றைக்கும் நான் சொல்லுவேன்.

முப்பத்தோராம் நாள் கடந்து கோயில் திருவிழா வந்தது. வழமையாகச் சம்மாட்டிமாரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மரியாதைக்குக் காளாஞ்சித் தட்டு கொடுப்பார்கள். எங்கள் பாட்டின் பெயர் சொன்னபோது தம்பி சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் இரண்டு கையாலும் வாங்கினான். வருஷத் திவசம் முடியுமுன் போய் நிற்கிறானே என்று சிலர் முணுமுணுத்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பியவனின் முகத்தைப் பார்த்தேன். கிடைக்காமல் கிடைத்தது கைநழுவிவிடுமோ என்ற பயம் அதில் இருந்தது. அவன் வலையைத் திருப்பிக் கொடுக்கமாட்டான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், தம்பி ஒரு கடிதத்தோடு வந்தான். அவன் மனைவியின் அண்ணனும் கூட வந்திருந்தான். அப்பா கதிரையில் கால் நீட்டி இருந்தார். சீசன் தொடங்குமுன் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். அண்ணன் இறந்துவிட்டதால் அது அண்ணிக்குப் போகும். போகாமல் இருப்பதற்கான கடிதம் அது. தன்னுடைய மூத்த மகன் சட்டப்படியோ சமய முறைப்படியோ விவாகம் செய்யவில்லை என்று அப்பா எழுதியதுபோல் தட்டச்சு செய்திருந்தது. அதை உறுதிப்படுத்த இரண்டு பேர் வேண்டும்.

அப்பா ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டார்.

"அப்பா, கல்யாணம் நடந்ததுதானே?" என்றேன்.

"நான் பாக்கல்லையே" என்றார் அப்பா. "எனக்குத் தெரியாது."

"தம்பி, உனக்குத் தெரியும். மாலை கொண்டுவந்தது நீ."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "அக்கா, நாளைக்கு அவ தன்ர தம்பிமாரக் கொண்டுவந்து கரையில நிப்பாட்டினா என்ன செய்வீங்க? அப்பாட பாடு தலவிலக்காரன்ட கைக்குப் போகும். அண்ணாட மகளை நான் கைவிடுவனா? படிப்பிப்பன், கட்டிக்குடுப்பன். இது கடதாசிக்கு மட்டும்தான்."

பிறகு, "இந்த வீட்ட உங்கட பேருக்கு எழுதச் சொல்லி அப்பாட்டச் சொல்லிட்டன். உங்களுக்கும் ஒரு பிடிமானம் வேணும்தானே. அவங்க கல்யாணம் கட்டினதால நீங்கதான் கட்டாம நிக்கிறீங்க" என்றான்.

பதினேழு வருஷமாக வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவன் சொன்னான். அது சரியான இடத்தில் போய்ப் பட்டது. என் பக்கத்தில் ஒருவன் நிற்கிறான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நிமிஷத்துக்குள் பேனை என் கையில் இருந்தது. பயந்துபோய் வைத்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. வைக்கும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

அடுத்த நாள் ஒத்திகையில் அண்ணன் மகள் என் எழுத்துப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் இறந்த பிறகு அவளை நாடகத்திலிருந்து எடுக்கப் பார்த்தேன். அவள்தான் விடவில்லை.

"மாமி, இந்த இடத்தில ஒரு சந்தேகம். குருவானவர் மட்டும் வந்து கல்யாணம் செல்லாது எண்டு சொன்னாப் போதுமா? மற்ற ஆக்கள் நம்பினாங்களா?"

"இல்ல. நம்பியிருக்கமாட்டாங்க."

"அப்ப ஏன் பேசாம இருந்தாங்க? அரசன்ட சொந்தக்காரர் எல்லாரும் அங்கதானே இருந்திருப்பாங்க? அவங்களுக்கு ஒரு வசனமும் நீங்க எழுதேல்ல."

"அவங்களுக்கு வசனம் இல்ல. சும்மா நிண்டாப் போதும்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு போய் நாலு பிள்ளைகளை மேடையின் ஓரத்தில் சும்மா நிறுத்திவைத்தாள்.

சீசனின் முதல் வலை ஒரு சனிக்கிழமை காலை இறங்கியது. கடல் தணிந்து கிடந்தது. எங்கள் தோணி போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டுத் திரும்பியது. இரண்டு பக்கமும் கயிறு இழுக்க ஆட்கள் நின்றார்கள். நானும் போயிருந்தேன். முதல் நாள் குடும்பப் பெண்கள் தேங்காய் உடைக்கப் போவது வழக்கம். அண்ணி மகளோடு வந்தாள். வெள்ளைச் சேலை உடுத்திருந்தாள். கையில் தேங்காய் இருந்தது.

தம்பி குறுக்கே வந்து நின்றான்.

"நீ இங்க என்னத்துக்கு வந்த?"

அண்ணியை அவன் அதுவரை நீங்கள் என்றுதான் கூப்பிடுவான். அண்ணி அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு அடி பின்னால் வைத்தாள். "தேங்கா உடைக்க" என்றாள்.

"பத்திரம் என்ட பேருக்கு வந்திட்டு. இனி இது என்ட கரை. உனக்கும் இதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல."

"உங்கட அண்ணன்ட பெண்சாதி நான்."

"அப்பிடியெண்டு எங்க எழுதியிருக்கு? காட்டு."

கயிறு இழுத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வயதான ஒரு ஆள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "தம்பி, இது பாவம்" என்றார். தம்பி அவரைப் பார்த்து, "நாளையிலேருந்து வரவேணாம்" என்றான். மற்றவர்கள் குனிந்து தங்கள் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும்.

அண்ணி சுற்றிப் பார்த்தாள். நான் நிற்பதைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நேரே என்னிடம் வந்தாள்.

"நீங்க சொல்லுங்க. எனக்குப் பின்னால விளக்குப் பிடிச்சது நீங்கதானே? காத்துக்கு அணையாமக் கையால மறைச்சுக்கொண்டு நிண்டீங்க. சொல்லுங்க இவங்களுக்கு."

முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள்.

நான் மணலைப் பார்த்தேன்.

"அக்காவ ஏன் கேக்கிற? அக்காதான் கையெழுத்தே வச்சது" என்றான் தம்பி.

அண்ணி கையிலிருந்த தேங்காயை மணலில் மெதுவாக வைத்தாள், குழந்தையைக் கிடத்துவதுபோல. மகள் மட்டும் அசையாமல் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாயின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் மேட்டில் ஏறி மறையுமுன் தம்பி இழுக்கச் சொல்லிச் சத்தம் வைத்தான். அன்றைக்கு மடி நிறைய நெத்தலி.

அந்தக் கிழமையே அவர்கள் தலவிலப் பக்கம், அண்ணியின் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள். மகள் பாடசாலையை விட்டாள். போட்டிக்கு வேறு பிள்ளையைப் போட்டுக் கொண்டுபோனேன். கறுப்புத் துணி அவளுக்கு நீளமாக இருந்தது. எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அதிபர் காலைக் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். கை தட்டினார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். நான் நாடகத்தில் எழுதாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. முடி சூட உதவி செய்த பிரபுவை அந்தச் சித்தப்பன் சில மாதங்களிலேயே தலை வெட்டினான். எனக்கு அவ்வளவு சீக்கிரம் நடக்கவில்லை, இரண்டு வருஷம் எடுத்தது. அப்பா இறந்த பிறகுதான் வீட்டைத் தம்பியின் மனைவி பெயருக்கு எழுதியிருப்பது தெரிந்தது. கேட்டபோது, "நீங்க தனி ஆள்தானே அக்கா, உங்களுக்கு என்னத்துக்கு இவ்வளவு பெரிய வீடு? பின் அறையில இருங்க" என்றான். தான் பொய் சொன்னதாகவும் அவனுக்குத் தோன்றவில்லை. பின் அறையில் ஒரு வருஷம் இருந்தேன். குசினியில் என் கோப்பையைத் தனியாக வைக்கத் தொடங்கிய நாளில், பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் அலுமாரியை ஏற்ற லொறிக்காரன்தான் வந்தான். வீட்டிலிருந்து யாரும் கை கொடுக்கவில்லை.

அப்பா சாகுமுன் கடைசி மாதத்தில் பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அனுப்பட்டுமா ஆள் என்று கேட்டேன். "வேணாம். வந்து என்ன முகத்தப் பாப்பாள்?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவரிடம் இருந்த வெட்கத்தின் அளவு அதுதான். அதுவாவது இருந்ததே என்று இப்போது நினைக்கிறேன்.

பாடும் தம்பியிடம் நிற்கவில்லை. அவன் மனைவியின் அண்ணன், கடிதத்தில் மூன்றாவதாகக் கையெழுத்து வைத்தவன், கரையில் பங்குக்கு வந்தான். முதலில் தோணியைப் பார்த்துக்கொண்டான், பிறகு ஆட்களை, பிறகு எல்லாவற்றையும். இப்போது அந்தக் கரையில் வலை இறங்குவதில்லை. வெள்ளைக்காரர் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் வழுக்கி விளையாடுகிற இடமாகிவிட்டது. ஓலைக் கொட்டில்கள் போட்டிருக்கிறார்கள். தம்பி அங்கே வாகனம் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொள்கிறான். எனக்கு அவனைக் கண்டால் இரக்கம் வருவதில்லை. வரவேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள்.

கையெழுத்து வைத்து நாலு வருஷம் கழித்து, போன ஆண்டு, நான் தலவிலவுக்குப் போனேன். அந்தக் கடிதம் பொய், கல்யாணம் நடந்ததைக் கண்ணால் கண்டேன் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அண்ணியின் வீடு தேவாலயத்துக்குப் போகிற வழியில், தென்னந்தோட்டத்துக்குள் இருந்தது. அண்ணி என்னைக் கண்டு கதவடைக்கவில்லை. கதிரையை எடுத்துப் போட்டாள். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். சீனி போடலாமா, சுகர் இருக்கிறதா என்று கேட்டாள். அவ்வளவுதான் கதைத்தாள்.

மகள் புத்தளத்தில் ஒரு கடையில் வேலை செய்கிறாளாம். அன்று லீவு. உயரமாக, அண்ணனின் நெற்றியோடு வந்து நின்றாள். கடதாசியை வாங்கி முழுவதும் வாசித்தாள். வாசித்த விதம் ஆசிரியை ஒருத்தி பிழை தேடுவதுபோல் இருந்தது.

"நல்லா எழுதியிருக்கிறீங்க" என்றாள்.

"இதை எங்கயாவது குடுக்கலாம் பிள்ள. நான் வந்து சொல்லுறன். எந்தக் கந்தோருக்கும் வாறன்."

"என்னத்துக்கு மாமி? கரையும் இல்ல, வலையும் இல்ல." அவள் கடதாசியை மடித்தாள். "சித்தப்பாவ எனக்கு விளங்கும். அவருக்கு ஆசை. தாத்தாவுக்குப் பிடிவாதம். உங்களத்தான் எனக்கு இன்னும் விளங்கேல்ல. கையெழுத்து வச்சிட்டு வந்து என்னை மேடையில நிப்பாட்டி அந்த வசனம் எல்லாம் சொல்லவச்சீங்களே. எப்பிடி மாமி ஏலுமா இருந்தது?"

திருப்தி இருந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். உன் அப்பாவின் மேல் எனக்குக் கோபம், அதை உன் மேல் தீர்த்தேன் என்று சொல்லியிருக்கவேண்டும். "தெரியல்ல பிள்ள" என்றேன். அதுவும் ஒரு பொய்.

அண்ணி உள்ளேயிருந்து, "பஸ் வாற நேரம், மாமியக் கொண்டுபோய் ஏத்திவிடு" என்றாள்.

றோட்டு வரை மகள் என்னோடு நடந்தாள். வெயில் கடுமையாக இருந்தது. குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். கல்பிட்டியிலிருந்து வந்த பஸ் நின்றது. படியில் ஏறித் திரும்பி, "போயிட்டு வாறன் பிள்ள" என்றேன்.

எங்கள் பக்கத்தில் யார் புறப்பட்டாலும், எதிரியே புறப்பட்டாலும், போயிட்டு வாங்க என்றுதான் சொல்லுவோம்.

அவள் குடையை மடக்கினாள்.

"போங்க மாமி" என்றாள்.